எதை விட்டுவிடுவது?

நெட்வொர்க் டிராஃபிக்கை ஆராய்ந்து அறிக்கை தரும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது குறித்து, கல்லூரி, மருத்துவமனை நெட்வொர்க் பொறுப்பாளர்களும் சிறு நகர இணையச் சேவையாளர்களும் கூடிய பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



மதியம் சாப்பாட்டுப் பந்தியில் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "சுத்தி வளைக்காம சொல்லுங்க சார், எதை வாங்கறது?" முதலாமவர் 800 மாணவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்குப் பொறுப்பு. இரண்டாமவர் மருத்துவமனைக்காரர், ஸ்கேன் படம் டாக்டரின் கணினியில் திறக்கத் தாமதமானால் திட்டு வாங்குபவர் அவர்தான். மூன்றாமவர் கேபிள் டி.வி. தொழிலிலிருந்து இணைய இணைப்புத் தொழிலுக்கு வந்தவர். மேலே இருக்கும் கம்பெனி மாதாமாதம் அனுப்பும் பில் சரிதானா என்று அவருக்குத் தெரியவேண்டும். மூவருக்கும் ஒரே பெயரைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரையாவது தப்பான கடைக்கு அனுப்பியவனாகியிருப்பேன். ரசம் கேட்டுத் தப்பித்தேன். மேடையில் தப்பிக்க வழியில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கில் ஓடுவதை முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்வது நம்மைப் போன்றவர்களால் ஆகாத காரியம். ஒரு கிகாபிட் லைன் நிரம்பி ஓடினால் நொடிக்கு 125 மெகாபைட், நாளுக்கு 10.8 டெராபைட். இரண்டே வாரத்தில் சர்வர் அறை முழுக்க ஹார்ட் டிஸ்க் அடுக்க வேண்டியதுதான். ஆகவே இந்த மென்பொருள்கள் எல்லாமே, வருவதில் பெரும்பகுதியைக் கீழே போட்டுவிட்டு, கையில் நின்றதைக் கோடாகவும் வட்டமாகவும் வரைந்து காட்டுபவை. விற்க வருபவர் கையில் நின்றதைக் காட்டுவார். கீழே போட்டதைப் பற்றி நாம் கேட்டால்தான் வாய் திறப்பார். கேட்டாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. எந்த மென்பொருள் என்பதைவிட, எதைப் போட்டுவிட நமக்குச் சம்மதம் என்பதுதான் தேர்வு.

நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கும் பச்சை வரைபடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உள்ளே வருவது பச்சை, வெளியே போவது நீலக் கோடு. 1994இல் டோபியாஸ் ஓட்டிகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். வெளியுலகத்துக்குப் போக அங்கே இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். லைன் எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். அவர் பெர்ல் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரைக் கேட்டு, கிடைத்த எண்ணைப் படமாக வரைந்து, வலைப்பக்கத்தில் போட்டுவிட்டார். 1995இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியான அதுதான் எம்.ஆர்.டி.ஜி. ஆள் ஆளாகப் பதில் சொல்லி மாளாமல் எழுதிய நிரல். இந்த வரைபடத்தின் பிறப்பே ஒரு தொந்தரவிலிருந்துதான்.

ரவுட்டரைக் கேட்பது என்றேன். கேட்கும் மொழிக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர், 1988இல் வந்தது. வேலை செய்யும் விதம் நம் வீட்டு ஈ.பி. மீட்டர்தான். மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருகிறார், எண்ணைப் பார்க்கிறார், போன தடவை எண்ணைக் கழிக்கிறார், யூனிட் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுத்தது, மாடி ஏ.சி. எவ்வளவு இழுத்தது என்று அந்த மீட்டரை எப்படிக் கேட்டாலும் சொல்லாது. சுவிட்ச்சும் அப்படித்தான். இந்தப் போர்ட்டில் இத்தனை பைட் போனது என்று தெரியும். யாருடையது என்று தெரியாது. "யார்" என்பதை அது பிறக்கும்போதே தொலைத்துவிட்டது. அதன்மேல் எத்தனை லட்ச ரூபாய் மென்பொருளை உட்கார்த்தினாலும் தொலைந்தது திரும்பாது.

இந்த மீட்டரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பழைய மின் மீட்டர் 99999 வரை போய் மறுபடி பூஜ்யத்துக்கு வரும் இல்லையா? பழைய எஸ்.என்.எம்.பி. எண்ணியும் அப்படித்தான், 32 பிட் கொண்டது. 429 கோடி பைட் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 100 மெகாபிட் லைனில் அது நடக்க ஐந்தே முக்கால் நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அதிகபட்சம் ஒரு சுற்று, மென்பொருள் சமாளித்துவிடும். ஒரு கிகாபிட் லைனில் 34 நொடிக்கு ஒரு சுற்று. ஐந்து நிமிடத்தில் எட்டுத் தடவை சுற்றியதா, ஒரு தடவை சுற்றியதா என்று யாருக்குத் தெரியும்?

ஒரு கல்லூரியில் என் கண்ணால் பார்த்தது. நிறைய பணம் கட்டி 100 மெகாபிட்டிலிருந்து ஒரு கிகாபிட்டுக்கு மாறினார்கள். மாறிய மறுவாரம் வரைபடத்தில் டிராஃபிக் குறைந்துவிட்டது. மாணவர்கள் வேகமாக இருக்கிறது என்று கொண்டாடுகிறார்கள், படமோ முன்பைவிடக் கீழே கிடக்கிறது. நிர்வாகக் குழுவில் ஒருவர், "இருந்ததையே பயன்படுத்தல, இதுக்கு எதுக்கு பெரிய லைன்?" என்று எழுந்துவிட்டார். நியாயமான கேள்விதான். நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. அப்புறம்தான் கவனித்தேன்: கோடு எந்த நாளும் 114 மெகாபிட்டைத் தாண்டவில்லை. 429 கோடி பைட்டை 300 நொடியால் வகுத்தால் வருவது அந்த 114தான். அதற்குமேல் காட்ட அந்த எண்ணிக்கு வழியே இல்லை. 64 பிட் எண்ணியைக் கேட்கும்படி ஓர் அமைப்பை மாற்றினோம், எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பில் அது கிடையாது, இரண்டாம் பதிப்புக்குப் போக வேண்டும். அரை மணி நேர வேலை. கோடு 400க்கு ஏறி நின்றது. அதற்குள் நிர்வாகக் குழுவின் முன் கைகட்டி நின்ற, அந்தக் கல்லூரியின் நெட்வொர்க் பொறுப்பாளரான இளைஞரின் மூன்று வாரத் தூக்கத்தை யார் திருப்பித் தருவது?

சராசரி என்ற பெரிய ஆளுக்கு வருகிறேன். என் பேச்சில் பாதியை இவருக்கே கொடுத்துவிடலாம், அந்த அளவுக்கு ஏமாற்றுக்காரர்.

ஐந்து நிமிடம் என்பது 300 நொடி. அதில் 60 நொடி லைன் முழுக்க அடைத்து நிற்கிறது, மீதி 240 நொடி கால்வாசிதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 40 சதவீதம். வரைபடம் சாதுவாக 40 காட்டும். அந்த ஒரு நிமிடத்தில் வீடியோ வகுப்பு உறைந்தது, ஆன்லைன் தேர்வில் ஒரு பிள்ளையின் விடைப் பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது, ஸ்கேன் படம் பாதியில் நின்றது. அவர்கள் போன் செய்து கத்துவார்கள். நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் ஒண்ணும் பிரச்னை இல்லீங்க" என்பீர்கள். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறீர்கள்.

இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்பவர் 1909இல் தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தனித்தனியாகப் பார்த்தால் தாறுமாறாக வரும் அழைப்புகள், ஆயிரக்கணக்கில் சேரும்போது சீராகிவிடும். எத்தனை கம்பி வேண்டும் என்று சராசரியை வைத்தே சொல்லிவிடலாம். உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்சுகள் அந்தக் கணக்கில்தான் எழுந்தன. கணினிகள் பேசத் தொடங்கியபோதும் எல்லோரும் அதையே நம்பினார்கள். அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தின் ஈதர்நெட் டிராஃபிக்கை வருடக்கணக்கில் அளந்ததை வைத்து லேலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் என்ற நால்வர் எழுதிய ஆய்வு 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நொடிக் கணக்கில் பார்த்தாலும் திட்டுத்திட்டாக இருக்கிறது, நிமிடக் கணக்கில் பார்த்தாலும் திட்டுத்திட்டாக இருக்கிறது, மணிக்கணக்கில் பார்த்தாலும் அப்படியே. சேரச் சேரச் சீராகவில்லை. கடற்கரையைக் கிட்டே நின்று பார்த்தாலும் மேலேயிருந்து பார்த்தாலும் அதே நெளிவு தெரிவதுபோல. சராசரியை நம்பக்கூடாது என்பதற்குச் சான்று கிடைத்து முப்பது வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் ஐந்து நிமிடச் சராசரியைப் பார்த்துத்தான் லைன் வாங்குகிறோம்.

ஐந்து நிமிடமாவது பரவாயில்லை. நாள் ஆக ஆக இந்த மென்பொருள்கள் பழைய எண்களை மேலும் கரைக்கின்றன. எம்.ஆர்.டி.ஜி.யில் இன்றைய படம் ஐந்து நிமிடச் சராசரி, வாரப் படம் அரை மணி, மாதப் படம் இரண்டு மணி நேரம், வருடப் படம் ஒரு நாள். வட்டில் இடம் மிச்சம் என்று செய்த ஏற்பாடு. அந்தக் காலத்துக்குக் கெட்டிக்காரத்தனம். அதன்பின் ஓட்டிகரே 1999இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி. கருவியிலும், அதன்மேல் கட்டிய காக்டி போன்றவற்றிலும் இதே பழக்கம் தொடர்ந்தது. விளைவைப் பாருங்கள். ஒரு லைன் பகலில் ஆறு மணி நேரம் 100 சதவீதம் அடைத்து நிற்கிறது, மீதி 18 மணி நேரம் 10 சதவீதம். நாள் சராசரி 32.5. மார்ச் மாதம் பட்ஜெட் கூட்டத்தில் வருடப் படத்தை விரித்து வைக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லையே என்கிறார் கணக்கு அதிகாரி. அவரைக் குறை சொல்ல முடியாது. நெரிசலைத் தொலைத்தது உங்கள் மென்பொருள், உங்கள் சம்மதத்தோடு.

ஆகவே டெமோ காட்ட வருபவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உச்சம் எவ்வளவு?" சராசரியோடு உச்ச மதிப்பையும் தனியாகச் சேமிக்கும் வசதி ஆர்.ஆர்.டி.யிலேயே இருக்கிறது, கேட்டு அமைத்தால் கிடைக்கும். மருத்துவமனை நண்பருக்கு இன்னொன்று. சுவிட்ச்சில் பைட் எண்ணி மட்டுமல்ல, இடம் போதாமல் தூக்கியெறிந்த பாக்கெட்டுகளின் எண்ணியும் இருக்கிறது. சராசரியில் மறைந்துபோகும் நெரிசல் அங்கே தடயம் வைத்துவிட்டுப் போகும். உங்கள் மென்பொருள் அதை வரையுமா என்று பாருங்கள். அதை வரையும் இலவச மென்பொருள், வரையாத விலையுயர்ந்ததைவிட உங்களுக்கு மேல்.

"யார்" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். விடுதிக்காரருக்கு அதுதான் வேண்டும். அதற்குப் பிறந்தது நெட்ஃப்ளோ. 1990களின் நடுவில் சிஸ்கோவில் உருவானது. ஈ.பி. மீட்டரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவோம். கண்டக்டர் கையில் டிக்கெட் கணக்கு இருக்கிறது: எந்த ஸ்டேஜில் ஏறினார், எங்கே இறங்குகிறார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு. பயணி பையில் என்ன கொண்டுபோகிறார் என்பது கண்டக்டருக்குத் தேவையில்லை. நெட்ஃப்ளோ பதிவும் அதுதான்: எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட், எத்தனை பைட், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. பையைத் திறந்து பார்ப்பதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன. 1988இல் வந்த டிசிபிடம்ப், 1998இல் ஈதரியல் என்று பிறந்து 2006இல் பெயர் மாறிய வயர்ஷார்க். அவை போலீஸ் சோதனை மாதிரி. குறிப்பிட்ட வண்டியை, குறிப்பிட்ட நேரம் நிறுத்தித்தான் பார்க்க முடியும்.

கண்டக்டர் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு, மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, எங்கே நின்று எண்ணுகிறீர்கள் என்பது. ஃபயர்வாலுக்கு வெளியே இருக்கும் ரவுட்டரில் நெட்ஃப்ளோவை இயக்கினால் உங்கள் 800 மாணவர்களும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள், ஏனென்றால் ஃபயர்வால் அத்தனை பேரையும் தன் முகவரிக்குப் பின்னால் மறைத்துத்தான் வெளியே அனுப்புகிறது. அறிக்கையில் "அதிகம் பயன்படுத்தியவர்: ஃபயர்வால்" என்று வரும். சிரிக்காதீர்கள், இப்படி வந்த அறிக்கையை ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்த இடம் எனக்குத் தெரியும்.

இரண்டு, கண்டக்டர் எப்போது எழுதுகிறார் என்பது. மதுரையில் ஏறியவரின் டிக்கெட்டைக் கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் எழுதுவேன் என்று ஒரு கண்டக்டர் அடம்பிடித்தால் என்ன ஆகும்? சிஸ்கோ ரவுட்டரில் நீண்ட நேரம் ஓடும் இணைப்பின் கணக்கை 30 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பு என்பதுதான் பழைய இயல்பு அமைப்பு. அரை மணி நேரம் நிதானமாக இறங்கிய கோப்பு, கணக்கு வந்து சேரும் அந்த ஒரு நிமிடத்தின் தலையில் கொட்டும். படத்தில் பனைமரம் மாதிரி ஒரு கோடு. நல்ல மென்பொருள் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் பார்த்துப் பரப்பிப் போடும். இல்லாவிட்டாலும் ரவுட்டரில் அதை ஒரு நிமிடமாக்கிவிட்டால் தொல்லை தீரும். பலர் இதைச் செய்யாமல் மென்பொருள் கம்பெனியோடு மாதக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

மூன்று, பதிப்பு. ஐந்தாம் பதிப்பு நெட்ஃப்ளோவுக்கு ஐ.பி.வி.6 தெரியாது. ஒன்பதாம் பதிப்போ, அதிலிருந்து வளர்ந்த ஐப்ஃபிக்ஸோ வேண்டும். இந்தியாவில் கூகுளைத் தொடுபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்று ஐ.பி.வி.6 வழியாகத்தான் வருகிறார்கள். நீங்கள் அதை இயக்கிவிட்டுப் பழைய பதிப்பில் எண்ணிக்கொண்டிருந்தால் பேருந்தின் பாதி இருக்கை கணக்கிலேயே இல்லை.

சாம்பிள் எடுத்து எண்ணுவதைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்ஃப்ளோ என்ற முறை, உதாரணமாக ஆயிரம் பாக்கெட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்து மீதியைக் கணிக்கும். சோற்றுப் பானை கதைதான், ஆனால் இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு வகை டிராஃபிக்கில் பத்தாயிரம் சாம்பிள் கிடைத்தால் பிழை இரண்டு சதவீதத்துக்குள். நூறே கிடைத்தால் இருபது சதவீதம் வரை. பெரிய ஆட்களைக் கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு மெதுவாக ஒட்டுக்கேட்கும் திருட்டு நிரல் ஒன்றைக் கண்டுபிடிக்க இதை நம்பாதீர்கள். அது நூறு பாக்கெட்கூட அனுப்பாது.

"எந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்று வருமா?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் வந்தது. ஸ்குவிட் ப்ராக்ஸியின் லாக்கை எடுத்துச் சார்க் போன்ற கருவியில் போட்டால் ஒவ்வொருவரும் திறந்த பக்கத்தின் முழு முகவரியும் பட்டியலாகும். இப்போது இணையத்தில் பெரும்பகுதி பூட்டு போட்டுத்தான் போகிறது. தளத்தின் பெயர்வரை யூகிக்கலாம், அதற்குமேல் இல்லை. அந்தப் பெயரையும் மறைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பூட்டை நடுவில் உடைத்துப் பார்க்கும் ஃபயர்வால்கள் விற்கிறார்கள். ஊழியரின் வங்கிக் கணக்குப் பக்கத்தையும் சேர்த்து உடைக்கும் அது. வாங்குமுன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறிக்கை என்பதில் எனக்குத் தனியாக ஒரு கசப்பு இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் "இந்த வாரம் அதிகம் பயன்படுத்திய பத்துப் பேர்" என்று மென்பொருள் தானாகத் தயாரித்த பட்டியலை, ஒரு மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். முதல் இடத்தில் இருந்தது ஒரு பெண் ஊழியரின் பெயர். அவர் அழுதுகொண்டே வந்து, "வெள்ளிக்கிழமை நான் லீவு சார்" என்றார். தேடிப் பார்த்தோம். நெட்ஃப்ளோவுக்குத் தெரிந்தது ஐ.பி. முகவரி மட்டும். அந்த முகவரி டி.எச்.சி.பி. கொடுக்கும் வாடகை வீடு. வெள்ளிக்கிழமை அதில் குடியிருந்தது இன்னொரு கணினி, திங்கட்கிழமை இவருடையது. மென்பொருளோ அறிக்கை தயாரித்த திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டி, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயரை எழுதிவிட்டது. பட்டியலைக் கிழித்துப் போட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி: பெயரைச் சேர்ப்பது எந்த நேரத்துப் பதிவை வைத்து? டி.எச்.சி.பி. லாக்கையோ, லாகின் பதிவையோ அந்தந்த நிமிடத்தோடு பொருத்தாத மென்பொருளுக்கு ஆட்களின் பெயரை அச்சிட அனுமதி கொடுக்காதீர்கள். பெயரே இல்லாமல் பிரிவுவாரியாக அறிக்கை போனால் பெரும்பாலான நிர்வாகங்களுக்கு அதுவே போதும். இங்கே பெயரை விட்டுவிடுவது நல்லது.

விலைக்கு வருவோம். விலையை எப்படி எண்ணுகிறார்கள் என்பது விலையைவிட முக்கியம். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் இருக்கும் பெஸ்லர் நிறுவனத்தின் பி.ஆர்.டி.ஜி., சென்சார் கணக்கில் விற்கிறது. அளக்கும் ஒவ்வொரு விஷயமும் ஒரு சென்சார். நூறு சென்சார் இலவசம் என்றால் தாராளமாகத் தெரியும். 48 போர்ட் சுவிட்ச் இரண்டு வைத்தாலே 96 போய்விட்டது. சென்னைக்காரர்களின் மேனேஜ்எஞ்சின் நெட்ஃப்ளோ அனலைசர் இன்டர்ஃபேஸ் கணக்கில் போகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் ஒரு வார்த்தை: இன்று சோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது, அதன் முதல் சரக்கே எஸ்.என்.எம்.பி. கருவிகள்தான். 2009இல்தான் பெயர் மாறியது. மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் அந்தக் கருவிகளுக்குப் பிறகு வந்தவை. ஸ்ப்ளங்க் போன்றவை நாளுக்கு எத்தனை கிகாபைட் லாக் கொட்டுகிறீர்கள் என்று பார்த்து வாங்கும். இதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. பணம் ஏறுகிறதே என்று நீங்கள் சில போர்ட்டை விடுவீர்கள், சில லாக்கை நிறுத்துவீர்கள். எதைப் போட்டுவிடுவது என்ற முடிவைக் கணக்குப் பிரிவு எடுத்துவிடும். கோளாறு வருவது பெரும்பாலும் அப்படி விட்ட போர்ட்டில்தான் என்பது என் ராசி.

இலவச மென்பொருள்கள் நன்றாகவே இருக்கின்றன. லிப்ரேஎன்எம்எஸ், ஸாபிக்ஸ், நெட்ஃப்ளோவுக்கு என்எஃப்டம்ப், இத்தாலியின் லூகா டெரி 1998இல் தொடங்கிய என்டாப். ஆனால் இவற்றை ஓட்ட லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும், அவர் வேலையை விட்டுப் போனால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். ஆள் இருக்கும் இடத்தில் பணம் கொடுத்து வாங்குவதும், ஆள் இல்லாத இடத்தில் இலவசம் என்று இறக்கி வைப்பதும் இரண்டுமே வீண்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்பிலேயே யாரோ விஷம் கலந்திருந்தது வெளியே வந்தது. நிறுவனத்தின் சொந்தக் கையொப்பத்தோடு வந்த புதுப்பிப்பு அது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கியிருக்கக்கூடும் என்று நிறுவனமே சொன்னது. அமெரிக்க அரசின் துறைகளும் அதில் அடக்கம். தாக்கியவர்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுச் சாவிக் கொத்து முழுக்க வாட்ச்மேனிடம்தானே இருக்கிறது. எல்லா ரவுட்டரின் கடவுச்சொல்லும், எல்லா சர்வருக்கும் போகும் வழியும் கண்காணிப்பு சர்வரில் இருக்கும். ஆகவே அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், எழுதும் உரிமை வேண்டாம். அந்த சர்வர் இணையத்தில் எங்கெங்கே போகலாம் என்பதை ஃபயர்வாலில் கட்டிவையுங்கள். "பப்ளிக்" என்ற இயல்புச் சொல்லை இன்னும் எஸ்.என்.எம்.பி.க்குக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் கை தூக்க வேண்டாம், இன்று ராத்திரி மாற்றினால் போதும்.

விட முடியாத ஒன்றும் உண்டு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். ஃபயர்வால் பத்தேகால் என்கிறது, சுவிட்ச் பத்து இருபத்தெட்டு என்கிறது என்றால் எந்த மென்பொருளாலும் ஒரு சம்பவத்தைக் கோவையாகச் சொல்ல முடியாது.

கேபிள் நண்பரை மறந்துவிடவில்லை. அவருக்கு வரும் பில் 95ஆம் சதமானக் கணக்கு. 30 நாளில் ஐந்து நிமிட அளவுகள் 8,640. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே இருக்கும் 432ஐ, அதாவது 36 மணி நேரத்தை, தள்ளிவிட்டு அடுத்து நிற்கும் எண்ணுக்குப் பணம். சரிபார்க்க அந்த 8,640ம் கரையாமல் அவர் கையில் இருக்க வேண்டும். ஐந்து நிமிட அளவை ஒன்றிரண்டு நாளில் கரைத்துவிடும் மென்பொருளை வைத்துக்கொண்டு பில்லோடு வாதாட முடியாது. வேறு எந்த அழகும் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணை அப்படியே ஒரு வருடம் வைத்திருக்கும் மென்பொருளே அவருக்குப் போதும்.

மூன்று கம்பெனி கொட்டேஷன் மேசையில் இருக்கிறதா? மூன்றையும் இரண்டு வாரம் உங்கள் நெட்வொர்க்கில் சோதனைக்கு ஓட விடுங்கள். அவர்கள் லேப்டாப்பில் காட்டும் டெமோவில் எல்லாமே வேலை செய்யும். ஒரு நாள் காலை 11 மணி 10 நிமிடத்துக்கு, ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் ஒரு கணினியில் ஏதாவது ஒரு லினக்ஸ் கோப்பை, மூன்று கிகாபைட் அளவில், இறக்குங்கள். எந்தக் கணினி, எத்தனை மணி, எத்தனை பைட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடம் சொல்லாதீர்கள். மறுநாள் ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து, அந்தக் கோப்பை யார், எப்போது, எவ்வளவு இறக்கினார் என்று கேளுங்கள். ஒன்று 11.40 என்று சொல்லும், ஒன்று ஃபயர்வால் என்று சொல்லும், ஒன்று இரண்டு முறை எண்ணி ஆறு கிகாபைட் என்று சொல்லும். அந்த இரண்டு வாரம் முடியும்போது அதே சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் கேளுங்கள். அப்போதும் சரியாகச் சொல்வது எதுவோ, அதன் கொட்டேஷனை மட்டும் மேலே அனுப்புங்கள்.

பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.